ரிட்டர்ன் போட்டால் எங்கே நிற்கிறது? வேலூர் பக்கத்துக்காரர்களுக்கு, அறிகுறி வாரியாக

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, பென்ஷன் ஃபார்ம் என்று வருகிறவர்களோடு சேர்த்து இப்போது "ரிட்டர்ன் போட்டேன்பா, ஒண்ணும் நடக்கல, இன்னான்னு பாரு" என்று, ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனை நீட்டுகிறவர்களும் வருகிறார்கள். வி.ஐ.டி. பசங்க, சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளிக் குடும்பங்கள், அணைக்கட்டு பக்கத்து விவசாயிகள், குடியாத்தத்து டீச்சரம்மாக்கள் என்று எல்லாரும் சொல்வது ஒரே புகார்தான். ஆனால் ஆப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொருவருடையதும் வேறு வேறு இடத்தில் நின்றிருக்கும். கோரிக்கை, பிக்கப், வாசலில் சோதனை, கிடங்கு, பணம் என்று ரிட்டர்ன் பல கை மாறுகிற வேலை. எந்தக் கையில் நிற்கிறது என்று தெரியாமல் கஸ்டமர் கேரில் கத்தினால் "48 மணி நேரம் பொறுங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் படித்துவிடுங்கள், ஏனென்றால் கீழே சொல்வது எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

"பிடிக்கவில்லை" வேறு, "சரியில்லை" வேறு. கலர் மனசுக்கு ஒட்டவில்லை, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாமியார் முகம் சுளித்தார், இதெல்லாம் பிடிக்கவில்லை வகை. இதற்கு ரிட்டர்ன் கொடுப்பது கம்பெனி தருகிற வசதி. அவர்கள் போட்ட நாள் கணக்குக்குள் கேட்டால் உண்டு, தாண்டினால் சட்டத்தைக் காட்டி வாங்க முடியாது. சரியில்லை வகை அப்படி இல்லை. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்தாலோ, விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. இந்தத் தாமதம் என்ற விஷயம் பலருக்குத் தெரியவே தெரியாது. 12ஆம் தேதி வரும் என்று சொன்ன முகூர்த்தப் புடவை கல்யாணம் முடிந்து 16ஆம் தேதி வந்தால், புடவையில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு வழி இருக்கிறது. வெள்ளம், புயல் மாதிரி கைமீறிய காரணம் இருந்தால் மட்டும் விலக்கு.

இரண்டாவது, ஆதாரம். பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வீடியோ, திருப்பிக் கொடுக்கப் பேக் செய்யும்போது ஒரு வீடியோ. இரண்டையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். லேபிள், ஒட்டியிருக்கும் டேப், உள்ளே இருக்கும் பொருளின் சீரியல் நம்பர் மூன்றும் தெரியவேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் இதைச் செய்யச் சொல்கிறேன், அதற்குக் கீழே உங்கள் இஷ்டம்.

"ரிட்டர்ன் பட்டனே காணோம்"

முதலில் பார்க்கவேண்டியது, நீங்கள் திறந்திருப்பது ஆர்டர் போட்ட அதே கணக்குதானா என்று. சிரிக்காதீர்கள், இதுதான் அதிகம். மகன் பெங்களூரிலிருந்து தன் கணக்கில் போட்டு அம்மாவின் வாணியம்பாடி முகவரிக்கு அனுப்பியிருப்பான், அம்மா தன் போனில் தேடிக்கொண்டிருப்பார். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த ஆர்டர் நம்பரை எடுத்துக்கொண்டு மகனிடம் சொல்லிவிட்டால் அந்த முனையிலிருந்து போட்டுவிடுவான். பிக்கப் மட்டும் அம்மா வீட்டு வாசலில் நடக்கும்.

கணக்கு சரிதான் என்றால், நாள் தாண்டியிருக்கலாம். பெரும்பாலான பொருளுக்கு 7 நாள் அல்லது 10 நாள், டெலிவரி ஆன தேதியிலிருந்து எண்ணுகிறார்கள், நீங்கள் பிரித்த தேதியிலிருந்து இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன பார்சலை நீங்கள் திருப்பதியிலிருந்து வந்து நாலு நாள் கழித்து வாங்கினால் அந்த நாலு நாளும் போச்சு. இதில் ஒரு கூத்தும் உண்டு: பொருள் கைக்கே வராமல் ஆப்பில் "டெலிவர்டு" என்று காட்டும், இரண்டு நாள் கழித்து நிஜமாக வரும். "டெலிவர்டு" என்று பார்த்த அன்றைக்கே "எனக்குக் கிடைக்கவில்லை" என்று சாட்டில் ஒரு வரி போட்டுவிடுங்கள். பிறகு நாள் கணக்கில் தகராறு வந்தால் அந்த ஒரு வரி பேசும்.

அடுத்தது, அந்தப் பொருளுக்கே ரிட்டர்ன் கிடையாது. உள்ளாடை, தின்பண்டம், சீல் உடைத்த அழகு சாதனம், பெயர் பொறித்துச் செய்தது போன்றவற்றில் இது வழக்கம். செல்போன், டிவி போன்றவற்றில் "மாற்றித் தருவோம், பணம் தரமாட்டோம்" என்றோ, "சர்வீஸ் ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான்" என்றோ இருக்கும். மீஷோவில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை காட்டுவார்கள். குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தால் தவறான பொருள், பழுதான பொருள் மட்டும்தான் திருப்பி எடுப்பார்கள். இருபது முப்பது ரூபாய் மிச்சம் என்று அதைத் தட்டிவிட்டு, அப்புறம் "சுடிதார் லூசா இருக்கு, ரிட்டர்ன் வரல" என்று வருவார்கள். அங்கே கம்பெனி பக்கம்தான் நியாயம், நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஒன்று. பட்டன் இல்லை என்பதற்காகப் பழுதான பொருளை விட்டுவிடாதீர்கள். "திருப்பி எடுக்கப்படாது" என்று அவர்கள் எழுதி வைத்தாலும் சரியில்லை வகைக்கு மேலே சொன்ன விதி பொருந்தும். உதவிப் பகுதிக்குப் போய், அந்த ஆர்டரைத் தேர்ந்தெடுத்து, சாட்டில் எழுதுங்கள். போன் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். நாள் நன்றாகவே தாண்டிப் போய்விட்டால் வாரண்டிதான் வழி. மிக்ஸி, மின்விசிறிக்கெல்லாம் ஆப்போடு மல்லுக்கட்டுவதைவிட கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில்லைக் காட்டுவது சீக்கிரம் முடியும். பில் உங்கள் பெயரில் ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"காரணம் எதைத் தட்டுவது என்று தெரியவில்லை"

இந்த ஒரு திரையில்தான் பாதி ரிட்டர்ன் கெட்டுப்போகிறது. நீங்கள் தட்டுகிற காரணத்தைப் பொறுத்துத்தான் பணமா, மாற்றுப் பொருளா, படம் கேட்பதா, பிக்கப்புக்கு வருகிறவர் எதைச் சோதிக்கவேண்டும் என்பதெல்லாம் முடிவாகிறது. நிஜமாகவே கிழிசல் இருக்கும் புடவைக்கு "பிடிக்கவில்லை" என்று தட்டினால் உங்கள் கையில் இருந்த உரிமையை நீங்களே கம்பெனி தருகிற வெறும் வசதி என்ற அளவுக்குக் குறைத்துக்கொள்கிறீர்கள். சும்மா பிடிக்காத புடவைக்கு "கிழிசல்" என்று தட்டினால் வருகிறவர் பிரித்துப் பார்த்து, கிழிசல் எங்கே என்று கேட்பார், அங்கேயே ரத்து. அடிக்கடி இப்படிச் செய்கிற கணக்குக்கு ரிட்டர்ன் வசதியையே நிறுத்திவிடுகிற கம்பெனிகளும் உண்டு. உண்மையைத் தட்டுங்கள், அதுதான் வேகம்.

செருப்பு, ஷூவில் "சைஸ் சரியில்லை" என்று தட்டுவதற்கு முன் ஒன்று பார்க்கவேண்டும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த ஷூ உலகம் பூராவும் போகிறது, அந்த ஆம்பூர்க்காரரே தப்பான சைஸ் வாங்கிவிட்டு என்னிடம் வருகிறார் என்றால் குற்றம் அவருடையது இல்லை, அட்டவணையுடையது. நம் ஊர்க் கடைச் சைஸ் பொதுவாக யு.கே. கணக்கு. ஆண்கள் ஷூவில் யு.கே. 8 என்பது அமெரிக்க 9 பக்கமும் ஐரோப்பிய 42 பக்கமும் வரும், பிராண்டுக்குப் பிராண்டு அரை சைஸ் ஆடும். மாற்று கேட்கும்போது பழைய குழப்பத்தோடேயே "ஒரு சைஸ் பெரிது" என்று போட்டால் இரண்டாவதும் பொருந்தாது, இரண்டாவது தடவை மாற்ற விடாத இடங்களும் இருக்கின்றன. பெட்டிப் பக்கவாட்டில் மூன்று கணக்கும் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள். வீட்டுக்குள், பாய் மேல் போட்டுப் பாருங்கள். அடிப்பாகத்தில் மண் ஒட்டினால் "உபயோகித்தது" என்று தள்ளிவிடுவார்கள்.

கைலியும் இப்படித்தான். "குடியாத்தம் கைத்தறி" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கி விசைத்தறி வந்து சேர்ந்தால் அது பிடிக்கவில்லை வகை இல்லை, சொன்னதும் வந்ததும் வேறு என்ற வகை. ஆப்பில் பொருளின் விவரப் பக்கத்தை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போன பிறகு அந்த வரியை விற்பனையாளர் மாற்றிவிடலாம்.

படம் ஏறமாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் படத்தின் அளவு பெரிது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி, அதைச் சேமித்து ஏற்றிப் பாருங்கள், சுருங்கிவிடும். ஆப்பில் ஏறாதது பிரவுசரில் ஏறுவதும் உண்டு.

"பிக்கப்புக்கு ஆளே வரவில்லை, ஆனால் 'வாடிக்கையாளர் இல்லை' என்று காட்டுகிறது"

எரிச்சலில் முதலிடம் இதற்குத்தான். நாள் பூரா வீட்டிலேயே உட்கார்ந்திருப்பீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு "வந்தோம், நீங்கள் இல்லை" என்று செய்தி வரும். டெலிவரித் தம்பிமேல் பாய்வதற்கு முன் போனைப் பாருங்கள். அவர்களுடைய அழைப்பு பல சமயம் வேறு ஊர் எண்ணிலிருந்து, இணைப்பகம் வழியாக வரும். நீங்கள் ஸ்பேம் என்று கட் செய்திருப்பீர்கள், அல்லது போனே தானாகத் தடுத்திருக்கும். தடுத்த அழைப்புகள் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் எதுவும் இல்லை என்றால் அவர் அழைக்கவே இல்லை. அன்றைய அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இன்று எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை, வீட்டில்தான் இருந்தேன்" என்று சாட்டில் போட்டு மறு தேதி கேளுங்கள். இதை அன்றைக்கே செய்யவேண்டும். சில தடவை இப்படி "இல்லை" என்று பதிவானால் ரிட்டர்ன் தானாக ரத்தாகும், அதற்குள் நாள் கணக்கும் முடிந்திருந்தால் புதிதாகப் போடவும் விடாது. அதனால் 10 நாளில் 9ஆம் நாள் ரிட்டர்ன் போடுகிற பழக்கத்தை விடுங்கள், வந்த மறுநாளே போடுங்கள்.

முகவரியும் ஒரு காரணம். "பெருமாள் கோயில் பின்புறம்" என்று எழுதினால் வேலூரில் எந்தப் பெருமாள் கோயில்? வாசலில் நின்று மேப்பில் குத்திய இடத்தைச் சேமியுங்கள். பின்கோடையும் பாருங்கள்: காட்பாடி 632007, சத்துவாச்சாரி 632009, வி.ஐ.டி. 632014. பக்கத்துப் பக்கத்து ஏரியாவாக இருந்தாலும் பார்சல் வேறு வேறு கிளைக்குப் போகிறது, தப்பான கிளையிலிருந்து கிளம்புகிற ஆள் உங்கள் தெருவுக்கு வரவே மாட்டார்.

ஹாஸ்டல் பசங்களுக்கு: உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் பிளாக் நம்பரைப் போட்டுவிட்டு ரூமில் தூங்காதீர்கள். கேட் பெயரை முகவரியிலேயே எழுதி, அழைப்பு வந்ததும் கீழே வந்து நில்லுங்கள். லாட்ஜில் இருப்பவர்கள் வேறு ஒன்று பார்க்கவேண்டும்: டிஸ்சார்ஜ் ஆகிக் காட்பாடியில் ரயிலேறிவிட்டால் பிக்கப் இங்கே நடக்காது. சில ஆப்களில் பிக்கப் முகவரியை மட்டும் மாற்றலாம். அது இல்லாவிட்டால் இந்தக் கோரிக்கையை ரத்து செய்துவிட்டு, நாள் மிச்சம் இருக்கும்போதே சொந்த ஊர் முகவரியில் புதிதாகப் போடவேண்டும். பொருளை லாட்ஜ் மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது சரிவராது, ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும்.

பீஞ்சமந்தை மாதிரி மலைமேல் இருக்கிற ஊர், ஒடுகத்தூர், பேரணாம்பட்டு தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஊர் என்றால் "இந்த இடத்தில் பிக்கப் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்கள்" என்று சில சமயம் வரும். டெலிவரி செய்ய மட்டும் எப்படி வசதி இருந்தது என்று கேட்கத் தோன்றும், கேட்டுப் பயனில்லை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலும் அதோடு சேர்ந்துவிட்டது, குழம்பவேண்டாம். ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். என்று ஒரு எண் இருக்கும், அதுதான் உங்கள் உயிர். ரசீதில் எடையும் இருக்கும், அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். தபால் செலவைத் திருப்பித் தருவார்களா, எவ்வளவு வரை என்று அனுப்புவதற்கு முன்பே சாட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள். கனமான பொருளென்றால் செலவு பொருள் விலையைத் தொட்டுவிடும்.

"ஆள் வந்தார், பார்த்தார், வாங்க மறுத்துவிட்டார்"

அவர் கையில் இருக்கும் ஆப்பில் ஒரு பட்டியல் வரும்: பெட்டி இருக்கிறதா, டேக் இருக்கிறதா, கலர் சரியா, சீரியல் எண் சரியா. ஒன்றில் "இல்லை" என்று தட்டினாலும் அடுத்த திரை திறக்காது. அவரிடம் கெஞ்சியும் திட்டியும் பயனில்லை, "அண்ணா நான் இன்னா பண்றது" என்பார், நிஜமாகவே அவரால் ஒன்றும் முடியாது. எதற்காக மறுத்தார் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அவர் திரையில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

துணியென்றால் டேக், அல்லது துவைத்த வாசனை, அல்லது செண்ட். மிக்ஸி, குக்கரென்றால் ஏதோ ஒரு ஜார், மூடி, கேஸ்கெட் விட்டுப்போயிருக்கும். கூட வந்த இலவசப் பொருளையும் திருப்பிக் கேட்பார்கள், அந்த டிபன் பாக்ஸ் ஏற்கெனவே பள்ளிக்கூடம் போயிருக்கும். செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியிலும் போனிலும் ஒன்றாக இருக்கவேண்டும். *#06# அடித்தால் தெரியும். அதைவிட முக்கியம், போனில் உங்கள் கணக்கு இருக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு அப்புறம்தான் ரீசெட் செய்யவேண்டும்; பட்டன்களை அழுத்தி நேராக ரீசெட் செய்தால் திரும்ப ஆன் ஆகும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், பூட்டிய போனை யாரும் வாங்கமாட்டார்கள். ஐபோனில் ஃபைண்ட் மை வசதியை அணைத்துவிட்டு அழியுங்கள்.

குறையைச் சரிசெய்து மறுபடி பிக்கப் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். தவறான பொருள் வந்த கேஸில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது: நீலக் கலர் கேட்டீர்கள், பச்சை வந்தது, திருப்பிக் கொடுக்கப் போனால் வருகிறவர் திரையில் நீலப் படம் இருக்கும், "இது வேற பொருள்ணா, எடுக்க முடியாது" என்பார். தவறே அதுதானே! இதற்கு வாசலில் வழியில்லை. சாட்டில் போய் "தவறான பொருள் அனுப்பப்பட்டது, சோதனையில் அதனாலேயே நிராகரிக்கப்பட்டது" என்று இரண்டு படத்தோடு எழுதி, சோதனை இல்லாத பிக்கப்பாக மாற்றித் தரவேண்டும் என்று கேளுங்கள். முதலில் பேசுகிறவருக்குப் புரியாது. மேலே உள்ளவருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் புரியும்.

"எடுத்துக்கொண்டு போனார், ஆப்பில் ஒன்றும் மாறவில்லை"

அவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன் உங்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸோ ஆப்பில் "பிக்கப் ஆனது" என்றோ வந்துவிடவேண்டும். "நெட் இல்லண்ணா, ஆபீஸ் போயி போட்டுடறேன்" என்றால் பொருளைக் கொடுக்காதீர்கள். கோடைக்கால மத்தியானம், வியர்த்துக்கொட்டிக்கொண்டு நிற்கிற பையனிடம் அப்படிச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அவர் அழைத்த எண், நேரம், வாசல் கேமரா இருந்தால் அந்தப் பதிவு, இவற்றோடு அன்றைக்கே புகார் போடுங்கள்.

"'காலிப் பெட்டி வந்தது', 'வேறு பொருள் வந்தது' என்று ரிட்டர்னை நிராகரித்துவிட்டார்கள்"

இங்கேதான் பேக்கிங் வீடியோ வேலை செய்கிறது. ஆனால் வீடியோ மட்டும் போட்டால் "பார்த்தோம், எங்கள் முடிவு மாறாது" என்று ஒரு அச்சடித்த பதில் வரும். அதோடு நில்லாமல் எடையைக் கேளுங்கள். கூரியர் கிடங்குகளில் பார்சலை எடை போட்டுத்தான் அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்கள். "என்னிடமிருந்து எடுத்த பிறகு முதல் கிடங்கில் பதிவான எடை என்ன, உங்கள் கிடங்கில் இறங்கியபோது எடை என்ன" என்று இரண்டையும் எழுத்தில் கேட்டால், பதில் சொல்கிறவரின் தொனியே மாறும். நீங்களே தபாலில் அனுப்பியிருந்தால் ரசீதில் இருக்கும் எடை உங்கள் சாட்சி. வாங்கும்போதே காலிப் பெட்டியாக வந்திருந்தாலும் இதே கேள்விதான். விலை கூடின பொருளுக்குத் திறந்து காட்டிக் கொடுக்கும் ஓபன் பாக்ஸ் டெலிவரி இருந்தால், உள்ளே பார்க்காமல் ஓடிபி சொல்லிவிடாதீர்கள். சொன்ன பிறகு "சரியான பொருளை வாங்கிக்கொண்டேன்" என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.

அமேசானில் வெளி விற்பனையாளர் நேரடியாக அனுப்பிய பொருளாக இருந்தால் ஏ-டு-இசட் உத்தரவாதம் என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. விற்பனையாளர் கையை விரித்தால் அங்கே போடலாம்.

"பணம் திரும்பிவிட்டது என்கிறது ஆப், பாங்கில் வரவில்லை"

முதலில் எங்கே திரும்பியது என்று பாருங்கள். ஆப்பின் வாலட்டுக்கோ கிஃப்ட் கார்டு இருப்புக்கோ போயிருக்கும், நீங்கள் பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரிட்டர்ன் போடும்போது "உடனே வேண்டுமா" என்று கேட்டதற்குச் சரி என்று தட்டியதன் பலன் அது.

பாங்குக்குத்தான் அனுப்பினோம் என்றால் ஆதார எண்ணைக் கேளுங்கள். யு.பி.ஐ. என்றால் ஆர்.ஆர்.என். என்ற 12 இலக்க எண், கார்டு என்றால் ஏ.ஆர்.என். என்ற 23 இலக்க எண். "அனுப்பிவிட்டோம் சார்" என்று சொல்கிறவர் இந்த எண்ணைத் தரமுடியாவிட்டால் அனுப்பவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண் கையில் வந்ததும் கிளைக்குப் போய்க் காட்டுங்கள், அவர்களால் தேட முடியும். கிரெடிட் கார்டில் பணம் சேமிப்புக் கணக்குக்கு வராது, கார்டு கணக்கில்தான் வரவாகும், ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். இ.எம்.ஐ.யில் வாங்கியிருந்தால் பொருள் திரும்பினாலும் தவணை தானாக நிற்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். பாங்கை அழைத்து அந்த இ.எம்.ஐ.யை ரத்து செய்யச் சொல்லி, வட்டியும் செயலாக்கக் கட்டணமும் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

கையில் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் கணக்கு எண்ணுக்குத்தான் பணம் வரும், அங்கே பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் பெரிய தொல்லை. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது, அலகாபாத் வங்கி அதே வருடம் ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பீரோவில் இருக்கும் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எண்ணைப் போட்டால் பணம் போய்த் திரும்பி வந்து நடுவில் எங்கோ நிற்கும். கணக்கை யு.பி.ஐ. ஐடியாகக் கொடுத்துவிடுவது சுலபம்.

தொகை குறைவாக வந்திருக்கிறது என்றால் கூப்பன், டெலிவரிக் கட்டணம், "மூன்று வாங்கினால் 20 சதவீதம்" மாதிரிச் சலுகை ஆகியவற்றைப் பாருங்கள். மூன்றில் ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டின் தள்ளுபடியையும் கழித்துக்கொள்வார்கள். பழுதான பொருளுக்கு டெலிவரிக் கட்டணத்தைப் பிடித்தால் மட்டும் விடாதீர்கள், கேளுங்கள்.

ரிட்டர்னே இல்லை, யு.பி.ஐ.யில் பணம் போய்விட்டது ஆனால் ஆர்டரே விழவில்லை என்பது தனி விஷயம். அதற்கு ரிசர்வ் வங்கி 2019இல் கெடு வைத்திருக்கிறது: பணம் போன நாளுக்கு அடுத்து 5 நாளுக்குள் திரும்பவேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். ரிட்டர்ன் பணத்துக்கு இந்த 100 ரூபாய்க் கணக்கு பொருந்தாது, பலர் கலந்து பேசுகிறார்கள்.

"கஸ்டமர் கேரிலிருந்து அழைத்தார்கள், ஒரு ஆப் இறக்கச் சொன்னார்கள்"

போனை வையுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த எண்ணுக்கு நீங்கள்தான் அழைத்திருப்பீர்கள், அது அவர்கள் எண்ணே இல்லை. பணம் உங்களுக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகப்போகிறது. ஸ்கிரீனைப் பகிரச் சொல்கிறவன், ஓடிபியைப் படிக்கச் சொல்கிறவன், பத்து ரூபாய் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்கிறவன், மூவரும் ஒரே ஜாதி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. ரிட்டர்ன் விஷயமாகப் பேசுவது என்றால் ஆப்புக்கு உள்ளே இருக்கும் உதவிப் பகுதியிலிருந்து மட்டும்.

"எல்லாம் செய்துவிட்டேன், அசையவில்லை"

சரி, இனி சாட்டை விடுங்கள். ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் பெயரும் தொடர்பும் போட்டிருக்கவேண்டும், பக்கத்தின் அடியில் தேடினால் இருக்கும். அவருக்கு மின்னஞ்சலில் ஆர்டர் எண், தேதி, நடந்தது, கேட்பது என்று பத்து வரிக்குள் எழுதுங்கள், கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு. 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். விதியே அப்படி.

அதோடு கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். தமிழில் பேசலாம், இலவசம். அவர்கள் கோர்ட் இல்லை, உத்தரவு போடமாட்டார்கள், கம்பெனிக்குத் தள்ளிவிட்டுப் பதில் வாங்குவார்கள். நடைமுறையில் நான் பார்த்தவரைக்கும் சாட்டில் மாதக்கணக்கில் அசையாதது இங்கே பதிந்ததும் அசைகிறது. பெரிய கம்பெனிகள் இதைக் கவனிக்கிறார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, விற்றவர் சூரத்தில் இருக்கிறார், நான் அங்கே போய் எப்படி வழக்குப் போடுவது என்று கேட்பார்கள். போகவேண்டாம். 2019ஆம் வருடச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கிற இடத்திலோ வேலை செய்கிற இடத்திலோ வழக்குப் போடலாம் என்று மாற்றிவிட்டார்கள். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். 400 ரூபாய் பனியனுக்கு இது தேவையா என்றால் எனக்குத் தெரிந்து வேண்டாம். 18,000 ரூபாய் போனுக்குச் செங்கல் வந்தால் கட்டாயம் போடுங்கள்.

"இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கினேன்" / "நான் ஆர்டரே போடவில்லை, பார்சல் வந்தது"

முதலாவதில் இடையில் அமேசான், மீஷோ மாதிரி மார்க்கெட்பிளேஸ் என்று யாரும் இல்லை, விற்றவர்தான் எல்லாம். அவர் கணக்கை அழித்துவிட்டுப் போவதற்குள் பணம் அனுப்பிய விவரம், பேசிய சாட், பக்கத்தின் பெயர் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு 1915, ஏமாற்று என்று உறுதியானால் 1930. இரண்டாவதற்கு வழி சுலபம்: காசு கொடுத்து வாங்காதீர்கள். "வீட்ல யாராச்சும் போட்டிருப்பாங்க, 499தானே" என்று பாட்டி கொடுத்துவிடுவதுதான் அவர்கள் நம்பிக்கை. வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

"பணம் வந்துவிட்டது, பொருளை எடுக்க யாரும் வரவில்லை"

இது வந்தால் சந்தோஷப்பட்டு உடனே பயன்படுத்தத் தொடங்கிவிடாதீர்கள். ஆப்பில் ரிட்டர்ன் முடிந்தது என்று காட்டுகிறதா, பிக்கப் இன்னும் பாக்கி என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பாக்கி என்றிருந்தால் பொருள் வராததற்காகப் பின்னால் பணத்தைத் திரும்பப் பிடிக்க இடமிருக்கிறது. "பொருள் என்னிடமே இருக்கிறது, எடுக்க வருகிறீர்களா, இல்லை வைத்துக்கொள்ளலாமா" என்று சாட்டில் கேளுங்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் வந்தால் சரி. அதுவரை பெட்டியைப் பிரிக்காமல் பரண் மேல் வையுங்கள்.